ஈரமான சட்டைக்கை

என் அக்காவுக்கு,

அன்று உன் சட்டைக்கை நனைந்திருந்ததைப் பார்த்தேன். எப்போதும்போல ஆராய்ச்சிக் கணக்குக்காக உன் மகன் குட்டியின் கழுத்துத்துணியை எடை போட்டேன். வடிந்த எச்சில் பாதியாகக் குறைந்திருந்தது. "பாத்தியாடி, உங்க மருந்து வேலை செய்யுது! துரை இனி மாப்பிள்ளை மாதிரி ஜம்முனு இருப்பாரு" என்று அவன் கன்னத்தைக் கிள்ளினாய்.

பலன் தெரியாத குழந்தைகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் எச்சிலைக் குறைக்கும் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று உனக்குச் சொன்னவளே நான்தான். அவனுடைய தசைநோய்க்கு மருந்தே இல்லை. இதுவாவது மிஞ்சட்டும் என்று, எச்சில் துணியில் விழும்முன் நீயே உன் சட்டைக்கையால் துடைத்திருக்கிறாய்.

ஆனால் அந்த மருந்தால் அவனுக்குச் சளி இறுகுகிறது, அக்கா. அதை இருமி வெளியேற்ற அவன் நெஞ்சில் பலமில்லை.

மறுநாள் டாக்டரிடம் நீ துடைத்ததைச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து குட்டிக்கு மருந்து கிடையாது.

உன் தங்கை