சாக்கில் வந்த பூனை

வட்டவளை,
மாசி 10, 1957

அன்புள்ள மச்சானுக்கு,

எலித் தொல்லைக்கென்று பஸ்காரரிடம் நீங்கள் சாக்கில் கட்டிக் கொடுத்தனுப்பிய பூனை வந்து சேர்ந்தது. நீங்கள் வேலை பார்க்கும் நல்லதண்ணிக் கடைத்தெருவில் அன்று காலையில்தான் பிடித்த தெருப்பூனை என்று எழுதியிருந்தீர்கள்.

"தெருப்பூனை மூணு நாளைக்கு அடுப்படியிலேயே பதுங்கும்க்கா, கதவத் தொறந்துறாதீங்க" என்றாள் நம் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராக்காயி. கொழுந்தெடுக்கப் போகும்போது பூட்டிவிட்டுத்தான் போனேன்.

அது பதுங்கவே இல்லை. தரையில் வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையால் ஊட்டினால்தான் தின்கிறது. கொடியில் நீங்கள் ஊரைவிட்டுப் போன அன்று கழற்றிப் போட்ட சட்டையை இழுத்து, அதன்மேல் சுருண்டு தூங்குகிறது. மூன்று மாதத்தில் உங்கள் வாசம் எனக்கே மறந்துவிட்டது. அதற்குத் தெரிந்திருக்கிறது.

நேற்றுக் கதவைத் திறந்துவிட்டேன். போகவில்லை.

வளர்த்தவள் தேடுவாள், பாவம். அவள் விலாசம் மட்டும் எழுதுங்கள். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா