காலி மனையில் கிடைத்த எலும்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் கணவர் கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பித் திரும்பாமல் பதினான்கு வருஷம் ஆகிறது அல்லவா, போன செவ்வாய்க்கிழமை பின்தெருக் காலி மனையில் அஸ்திவாரம் தோண்டியவர்கள் ஆளுயரப் பள்ளத்தில் ஒரு நீள எலும்பைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள். தெருவே கூடிவிட்டது. எல்லார் கண்ணும் அத்தை வீட்டுப் பக்கம்தான் போனது. அவள் வந்தாள், அழவில்லை, பள்ளத்தின் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். என்னிடம் மெதுவாக, "அவரும் நல்ல உயரம்தானே" என்றாள்.

போலீஸ் வந்து கயிறு கட்டி, அருங்காட்சியகத்திலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண்ணை வரவழைத்தது. உன் வயதுதான் இருக்கும். தூரிகையால் மண்ணைத் தட்டி, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேலே ஏறி வந்து அத்தையின் காலடியில் குந்தி, "அம்மா, இது மனுஷ எலும்பு இல்ல. மாட்டைவிடப் பெரிய ஏதோ மிருகத்தோட கால். உள்ளே இருக்கிற துளையெல்லாம் அடைஞ்சு கல்லாவே ஆயிடுச்சு. ஆயிரக்கணக்கான வருஷமாவது இருக்கும், மீதியை ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லணும்" என்றாள். கூட்டமே மூச்சு விட்டது. நான் சந்தோஷத்தில் அத்தையின் கையைப் பிடித்தேன், அவள் உதறிவிட்டாள். "இன்னொரு தடவை பாரும்மா" என்றாள். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் திரும்ப இறங்கிப் பார்த்தாள். அதே பதில்தான்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான் அத்தை உடைந்தாள். "அவரா இருந்திருந்தா இன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன். இனிமே மறுபடியும் முதல்லேருந்து காத்திருக்கணுமே" என்றாள். வந்துடுவார், வந்துடுவார் என்று இத்தனை வருஷம் நான் சொன்ன ஆறுதல் அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வழியில் உடையாமல் இருக்க எலும்பைச் சுற்றி வெள்ளைச் சாந்து பூசி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் போடு. மாமா வந்துடுவார் என்று மட்டும் சொல்லாதே. அவள் அழுதால் அழவிடு, போனை வைத்துவிடாதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழவேண்டும்.

எப்போதும் உன் நினைப்பில்,
அம்மா