வாய் வைத்த சொம்பு

1934, பங்குனி 12. குருத்தோலை ஞாயிறு.

விடிந்ததுமே வெயில். கொல்லிமலை மேல் மேகம் இருந்தது, இறங்கி வரவில்லை.

இடது கணுக்காலில் இருந்த கொப்புளம் உடைந்துவிட்டது. உள்ளே வெள்ளை நூல் போல ஒன்று தலை நீட்டுகிறது. நரம்புச் சிலந்திப் புழு. சந்தேகமே இல்லை. தை மாதம் முழுக்க ஊரெல்லாம் கத்தியவள் நான்: "படிக்கிணத்துத் தண்ணிய வடிகட்டிக் குடிங்க, சிலந்தி வந்தவங்க படியில எறங்காதீங்க." சுகாதார இன்ஸ்பெக்டரே கேட்டுவிட்டு, "இந்த ஊருக்கு நீங்களே போதும், டீச்சரம்மா" என்றார். இப்போது எனக்கே. போன கோடையில் குடித்த தண்ணீர், இந்தக் கோடையில் காலில் வருகிறது.

நொண்டிக்கொண்டே ஆராதனைக்குப் போனேன். பாட்டை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், வேறு யார்? நன்றாகவே பாடினேன்.

செல்லம்மாள் (இனி செ.) வழக்கம்போல வீட்டிலிருந்து மணைப்பலகை கொண்டுவந்து, முன்னால் போட்டு உட்கார்ந்தார். பெரிய பண்ணை வீட்டம்மா, ஊருக்குப் பண்ணாடிச்சி. ஞானஸ்நானம் வாங்கி வருஷம் திரும்பவில்லை. நாங்கள் எல்லாம் பாயில்.

வேண்டியது: வேப்பிலை, பழந்துணி, சிலந்தியைத் தினம் கொஞ்சமாகச் சுற்றி இழுக்க ஈர்க்குச்சி.

13, திங்கள்.

வலி. பள்ளிக்கூடம் என் வீட்டுக்குள்ளேயே. வாய்ப்பாடு சத்தத்தில் காது போயிற்று.

தண்ணீருக்கு என்ன செய்வது? நான் போட்ட சட்டம், நானே படியிறங்க முடியாது. பக்கத்து வீட்டு மார்த்தாள் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, என்ற புள்ள பொறந்தப்ப ராத்திரி பூரா கூட இருந்தீங்களே, அப்ப நான் வேண்டாம்னா சொன்னேன்?"

வாங்கிக்கொண்டேன். கொடுத்துப் பழகிய கைக்கு வாங்கத் தெரியவில்லை, என்ன செய்ய.

14, செவ்வாய்.

மார்த்தாள் களத்து வேலைக்குப் போய்விட்டாள். மதியம் செ. பண்ணையாளிடம் இரண்டு குடம் கொடுத்தனுப்பினார். அவர்கள் வீட்டுக் கவலைக் கிணற்றுத் தண்ணீர், மாடு கட்டி இறைப்பது. அதில் யாரும் இறங்குவதில்லை, சிலந்தியும் கிடையாது. கண்ணாடி மாதிரி தண்ணீர்.

திருப்பி அனுப்பினேன்.

என் அம்மா அந்த வீட்டில் சாணி அள்ளியவள். கிணற்று மேட்டுக்குக் கீழே குனிந்து, இரண்டு கையையும் குவித்து, "சாமி, தண்ணி ஊத்துங்க சாமி" என்று நிற்பாள். உயர இருந்து ஊற்றுவார்கள். பாதி கையில், பாதி புடவையில். எட்டு வயதில் பார்த்தது. அன்றே முடிவு செய்தேன், அந்தக் கிணற்றுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது என்று. இறங்கவில்லை. அதற்குத்தான் படிக்கிணறு, அதற்குத்தான் இந்தச் சிலந்தி. போகட்டும். அம்மா பெற்ற பெண்தான் இன்று இந்த ஊரில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள்.

சாயங்காலம் வாய் வறண்டது. மார்த்தாள் வரும்வரை பொறுத்தேன்.

15, புதன்.

பாதிரி ஐயர் வந்துவிட்டார். நாமக்கல்லிலிருந்து மாட்டு வண்டியில், உடம்பெல்லாம் புழுதி. ஜெபக் கூட்டத்தில் சொன்னார்: நாளை பெரிய வியாழன், வட்டமாக உட்கார வேண்டும், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் காலைக் கழுவ வேண்டும். இந்தச் சபையில் இதுவரை செய்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் ஒரே கசமுச.

"ஐயரு நம்ம காலத் தொடறதா? பாவமுங்க!"

"பண்ணாடிச்சி பக்கத்துல நான் உக்கார மாட்டனுங்க சாமி, கை நடுங்கிப்போகும்."

எனக்கு வேறு கவலை. சீழ் வடியும் காலை எவரிடம் நீட்டுவது? போகாமல் இருந்துவிடலாமா? பாட்டை யார் எடுப்பது? கழுவச் சொன்னால் எத்தனை கால் வேண்டுமானாலும் கழுவுவேன். நீட்டுவதுதான் முடியாது.

16, பெரிய வியாழன்.

இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது சிரிப்பு.

ஊரே காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தது! பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, பெண்கள் மஞ்சள் பூசி, கிழவர்கள் பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவி. ஐயருக்கு அழுக்குக் காலைக் காட்டக் கூடாதாம். அவர் குனிந்து பார்த்தார். "நான் கழுவறதுக்கு மிச்சம் வைக்கலையே?" என்றார். சபையே சிரித்தது.

அழுக்காக இருந்தது என் கால் ஒன்றுதான்.

இரண்டாவது. செ. மணைப்பலகையைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்து, என் வலப்பக்கம் வெறும் தரையில் உட்கார்ந்தார். வலப்பக்கம் இருப்பவர்தான் கழுவ வேண்டும். முறை வந்தது. காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். எல்லாரும் பார்க்கிறார்கள். நான் நீட்டாவிட்டால் வட்டம் அங்கேயே நின்றுவிடும்.

அவர் கைச்சொம்போடு காத்திருந்தார். மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கழுவிப் பழக்கமில்ல. வலிச்சாச் சொல்லுங்க. காலெ நீட்டுங்க சாமி."

ங்க. அந்த வீட்டு வாயிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அந்த 'ங்க' வந்து நான் கேட்டதில்லை. அதோடு சாமி. அம்மா மேட்டுக்குக் கீழே நின்று சொன்ன அதே சாமி.

நீட்டினேன். அழுதேன், எழுதுவதற்கென்ன வெட்கம். சுற்றியிருந்த ஈர்க்குச்சி அசையாமல் கழுவினார். கை நடுங்கியது அவருக்குத்தான்.

என் கால் கழுவிய தாம்பாளத்துத் தண்ணீரை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தானே தூக்கினார். "படிக்கிணத்துப் பக்கம் ஊத்தப்படாதுங்கல்ல?" என்று என்னைக் கேட்டுவிட்டு, காய்ந்த காட்டில் கொண்டுபோய் ஊற்றினார். நான் கத்தியதை ஒருவராவது கேட்டிருக்கிறார்.

பிறகு நான் மார்த்தாள் காலைக் கழுவினேன். மஞ்சள் வாசம். வட்டம் முழுசாகச் சுற்றி வந்தது. பெருமையாக இருந்தது, என் சபையை நினைத்து. பட்டணத்துப் பெரிய கோயில்காரர்கள் வந்து பார்க்கட்டும்.

மார்த்தாள் சொன்னது: செ. வீட்டில் யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம். கிறிஸ்து வேதத்தில் சேர்ந்ததிலிருந்து தட்டு தனி, சொம்பு தனி. எனக்குத் தெரியாது.

17, பெரிய வெள்ளி.

உபவாசம். அனல் காற்று. மூன்று மணி நேர ஆராதனை. கடைசிப் பாட்டில் குரல் கம்மிவிட்டது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டு போய் முடித்தார்கள். நான் இல்லாமலும் பாட்டு முடிகிறது.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். செ. வந்தார், கையில் சொம்பு. அவர்கள் கிணற்றுத் தண்ணீர். அவருக்காக ஒதுக்கிவைத்த சொம்பு. நீட்டினார். நான்தான் கேட்டேன்.

"குடுங்கக்கா."

அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்தே குடித்தேன், வேண்டுமென்றே, அவர் பார்க்க. பாதி வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

மீதியை அவர் குடித்தார். வாய் வைத்தே.