இரண்டு காதும் நார்மல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் மேசைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேருக்குக் காதுப் பிரச்சினை. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்க என்னை உட்கார வைத்ததே இந்தத் தொண்டைக்காகத்தான். நான் கத்துகிற கத்தலில் அடுத்த அறையில் இருக்கும் மேஜருக்கு எல்லாருடைய மூல வியாதியும் அத்துப்படி.

பத்தாவது ஆள் மாப்பிள்ளை, என் தங்கையின் வீட்டுக்காரர். பீரங்கிப் படையில் பதினைந்து வருஷம் இருந்தவர். தங்கைதான் இழுத்து வந்திருந்தாள்.

“அண்ணா, இவருக்கும் காது மெஷினுக்கு எழுதிப் போடு. கிடைச்சா சரி. இல்லன்னா நான் மக வீட்டுக்கே போயிடறேன். இத்தன வருஷம் சுவத்துகிட்ட பேசினது போதும்.”

மாப்பிள்ளை சிரித்தார். காது கேட்காதவர்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டு, எந்தக் கேள்விக்கும் அதுவே பதில். படிவம் நிரப்பினேன். ‘எப்போது தொடங்கியது’ என்ற இடத்தில் ‘பணியின்போது’ என்று எழுதினேன். அங்கே என் கை கொஞ்சம் தயங்கியது. ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீட்டில் சாப்பாடு. டிவி அலறுகிறது. ஜன்னலுக்கு வெளியே மழை, குளிர், ஆனாலும் ஃபேன் ஓடுகிறது. அவள் நிறுத்தினாள். அவர் போட்டார். மறுபடி நிறுத்தினாள். “வேணும்னே பண்றார் பாரு” என்று என்னிடம் நியாயம் கேட்டாள்.

அவள் உள்ளே போனதும் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். “ஃபேன் சத்தம் இல்லன்னா தலைக்குள்ள இருக்கற விசில் தூக்கிடுது மச்சான். குக்கரை அடுப்புல வச்சிட்டு மறந்த மாதிரி.”

“அத அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா அன்னிக்கே ஏன் காட்டலன்னு கேப்பா. உங்க பேரு வெளிய வரும்.”

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனேன்.

ஏப்ரல் 2, புதன்

கடிதம் வந்துவிட்டது. ‘பணியிலிருந்து விடுவிக்கும் முன் எடுத்த பரிசோதனையில் இரண்டு காதும் நார்மல் எனப் பதிவாகியுள்ளது. எனவே இக்குறைபாடு பணியால் வந்ததாகக் கருத இயலாது.’ கூடவே பழைய ஷீட்டின் நகல். கீழே பரிசோதித்தவரின் கிறுக்கல் கையெழுத்து.

தங்கை அதை என் மேசைமேல் போட்டாள். “எந்த மடையன் இவருக்கு டெஸ்ட் பண்ணினான்?”

நான் தண்ணீர் குடித்தேன். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

எழுதிவிடுகிறேன். அந்த மடையன் நான்தான்.

படையில் நான் மருத்துவப் பிரிவு உதவியாளன். சத்தம் புகாத ஒரு சின்ன கூண்டு, அதில் கண்ணாடி ஜன்னல். உள்ளே இருப்பவருக்கு ஹெட்போன். நான் வெளியே இருந்து ஒலியைக் குறைத்துக் குறைத்துக் கொடுப்பேன், கேட்டால் அவர் பட்டனை அமுக்க வேண்டும். கேட்கவில்லை என்று பதிவானால் மெடிக்கல் போர்டு. அது முடிய இரண்டு மாதம் ஆகும், அதுவரை முகாமைவிட்டு நகர முடியாது.

தங்கைக்கு அப்போது ஒன்பதாவது மாதம். “மச்சான், பிரசவத்துக்கு நான் பக்கத்துல இருக்கணும்” என்று மாப்பிள்ளை கையைப் பிடித்தார். ஒவ்வொரு ஒலிக்கும் நான் கையிலிருந்த பென்சிலை லேசாகத் தூக்கினேன். அவர் பென்சிலைப் பார்த்துப் பட்டனை அமுக்கினார். குழந்தை பிறக்க மூன்று நாள் இருக்கும்போது வீட்டில் இருந்தார். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அவருக்கு மட்டுமா தூக்கினேன்? இல்லை. ஊருக்குப் போக அவசரப்பட்ட எவனுக்கும். முகாமில் எனக்கு ‘நல்ல மனுஷன்’ என்று பெயர்.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் அவகாசம். பரிசோதித்தவரே நடந்ததை எழுதிக் கொடுத்தால் கோப்பைத் திறந்துதான் ஆகவேண்டும். இந்த வழியை மேசையில் உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

ஏப்ரல் 4, வெள்ளி

வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன், தேதியோடு நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாப்பிள்ளை வந்தார். “எதுவும் எழுதிக் குடுக்க வேணாம் மச்சான். இவ்வளவு நாள் ஓட்டியாச்சு, மிச்சத்தையும் ஓட்டிடுவேன். உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல தலைவலி?” வெளியே வாங்கலாம் என்றால் மெஷின் விலை எங்கள் இருவர் கைக்கும் எட்டாது.

“அவ போயிடுவா மாப்பிள்ளை” என்றேன்.

சிரித்தார். மறுபடி சொன்னேன். சிரித்தார். மூன்றாவது தடவை அவர் காதருகில் போய்ச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“டெஸ்ட விடு. எனக்காகன்னு செஞ்சே, சரி. அதுக்கப்புறம்? ‘இவர் என்னைக் கண்டுக்கறதே இல்ல’ன்னு உன்கிட்ட வந்து எத்தன தடவ அழுதிருக்கேன். ‘அவர் சுபாவமே அப்படிம்மா, நீதான் அனுசரிச்சுப் போகணும்’னு சொன்னியே. அவருக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுகிட்டே சொன்னியே அண்ணா!”

மாட்டிக்கொள்ளும் பயம்தான், வேறென்ன? என் சின்ன பயத்துக்கு என் தங்கையின் இருபத்தேழு வருஷம். சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 16, புதன்

வாக்குமூலத்தை மேஜரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

“இது மேல போச்சுன்னா நீங்க இந்த மேசைல உக்கார முடியாது. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

முத்திரை குத்தினார். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். “போகட்டும். இனிமே வீட்லயாவது கத்தாம பேசுங்க” என்றாள். இதுதான் அவள் ஆறுதல் சொல்கிற விதம்.

மே 30, வெள்ளி

ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள். மாப்பிள்ளைக்கு: இரண்டு காதுக்கும் மெஷின், காதிரைச்சலுக்குச் சிகிச்சை, காது கேளாதவரோடு பேசிப் பழகக் குடும்பத்தாருக்கும் நான்கு வகுப்பு. எனக்கு: எழுத்து மூலம் கண்டனம், மேசையிலிருந்து நீக்கம். பென்ஷனில் கை வைக்கவில்லை.

தங்கை பேசவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

ஜூன் 19, வியாழன்

மாப்பிள்ளை மெஷினோடு வந்தார். “என்னோட செருப்பு இவ்வளவு சத்தம் போடுமா மச்சான்?” குழாய்த் தண்ணீர், பேப்பர் திருப்புவது, எல்லாமே அவருக்கு இரைச்சல். மதியத்துக்குமேல் கழற்றி வைத்துவிடுகிறாராம். விசில் போகவில்லை. “அது போகாதுங்க, அதைக் கண்டுக்காம இருக்கப் பழகிக்கலாம்” என்றிருக்கிறாள் மெஷின் பொருத்திய டெக்னீஷியன் பெண்.

வகுப்பில் தங்கை கேட்டது ஒரே கேள்விதானாம். “நான் இவ்வளவு நாள் திட்டினதெல்லாம் இவருக்குக் கேட்டிருக்குமா?”

“கேக்காமப் போனதே நல்லதுன்னு நெனச்சேன் மச்சான்” என்றார். “ஆனா அவ அழுதா. அந்த அழுகை நல்லாவே கேட்டுது.” மகள் வீட்டுப் பேச்சை இப்போது எடுப்பதில்லையாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

எண்பத்து மூன்று நாளுக்குப் பிறகு தங்கை என் வீட்டுக்கு வந்தாள். கூட ஒரு பெண்மணி. “வா” என்றேன். அவள் அண்ணா என்று கூப்பிடவில்லை.

“இவங்க என்கூட வகுப்புக்கு வர்றவங்க. இவங்க வீட்டுக்காரருக்கும் மெஷின் இல்லன்னுட்டாங்க, அங்க வந்து ஒக்காந்து கேட்டுட்டுப் போறாங்க. ஷீட்டைப் பாரு.”

பார்த்தேன். இரண்டு காதும் நார்மல். கீழே என் கிறுக்கல். அந்த மனிதரின் முகம் எனக்கு நினைவில்லை, அதுதான் கொடுமை. அந்தப் பெண்மணி ஏதோ கடன் கேட்க வந்தவரைப்போலத் தயங்கித் தயங்கி நின்றார். நான் பேனாவை எடுத்தேன்.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நீ சொல்லு, நான் எழுதறேன். நீ எழுதினா எதையாவது விட்டுடுவே.”

சொன்னேன், எழுதினாள், கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்மணி போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள்.

“மத்தவங்க பேரைச் சொல்லு அண்ணா. ஒருத்தரையும் விடாம.”

சாயங்காலம்வரை யோசித்து யோசித்துச் சொன்னேன். பதினேழு பேர்.