தாய்மாமன் அவையில் படித்த பிள்ளையோலைகள்

அருவி வற்றாதிருக்க. தினைப்புனம் விளைக. மலைமேல் உறையும் தாய் எல்லாப் பிள்ளைகளையும் காக்க.

நீர்க்குன்ற நாட்டின் காவல் அரசியும், மறைந்த மன்னர் மலையமாறனாரின் தேவியும், இளவரசி கார்நங்கையின் தாயுமாகிய கொற்றநங்கை, பொன்கழி நாட்டின் வேந்தரும், முத்துத்துறைகளின் தலைவரும், நாவாய்க் கொடி உயர்த்தியவரும், எம் உடன்பிறந்த தமையனாருமாகிய திண்கழல்வேளுக்கு விடுக்கும் ஓலை.

தங்கள் கழிகளில் மீன் நிறைக. உப்பளங்களில் வேண்டாத மழை பெய்யாதிருக்க. அண்ணியார் நலத்தோடு வாழ்க. தங்கள் மகன் நல்லாடன் நோயின்றி வளர்ந்து தங்கள் அரியணைக்கு உரியவனாகுக. ‘தங்கள் அரியணை’ என்று அழுத்திச் சொன்னபோது எம் ஓலைநாயகம் நிமிர்ந்து பார்த்தார். அப்படியே எழுதுக என்றோம். அந்தப் பிள்ளை எமக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. ஆகவே வாழ்த்தில் குறை வைக்கவில்லை.

இவ்வோலையை எம் அவையில் எல்லோர் முன்னும் வாய்விட்டுச் சொல்லி எழுதுவிக்கிறோம். தாங்களும் இதைத் தனியே படிக்க வேண்டா. அமைச்சர், படைத்தலைவர், வணிகர் அனைவரையும் கூட்டி உரத்த குரலில் படிக்கச் செய்க. எம் முந்தைய ஓலைகளுக்கு அந்தச் சிறப்பைச் செய்தீர் என்று அறிந்தோம். இதற்கு மட்டும் ஏன் குறை?

தங்கள் அவையில் வழக்கம் அறியாத இளையோர் இருக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறோம். நம் இரு நாட்டிலும், மணமாகிப் போன பெண் பிள்ளை பெற்றால், பிறந்த நாள் முதல் காதுகுத்தும் நாள் வரை அப்பிள்ளையின் வளர்ச்சியைத் தன் கைப்பட எழுதி உடன்பிறந்தானுக்கு அனுப்புவாள். அதற்குப் பிள்ளையோலை என்று பெயர். அரண்மனை எழுத்தர் கை அதில் படாது. தாய்மாமன் ஒருவனே அதைப் படித்துக் குலதெய்வத்தின் அடியில் வைப்பான். வைத்த ஓலை கிணற்றில் போட்ட கல். போரிட்டுக்கொண்டிருந்த காலத்திலும் நம் முன்னோர் இவ்வழக்கை மீறியதில்லை.

அவ்வாறே எழுதினோம். மன்னர் காய்ச்சல் கண்டு மறைந்த துயரம் ஆறுமுன், கார்மழை இறங்கிய ஒரு நண்பகலில் மகள் பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை. செவிலி வேம்பி காலைப் பிடித்துத் தூக்கி உள்ளங்காலில் தட்டினாள். அதன்பின் அழுத அழுகையில் கொட்டிலில் கட்டியிருந்த யானை காதை விரித்ததென்று பாகன் வந்து சொன்னான். தங்களுக்கு நாம் எழுதிய முதல் செய்தி அதுவே. தாங்கள் சுக்கும் விளக்கெண்ணெயும் பலாமரத் தொட்டிலும் அனுப்பினீர். தொட்டில் பெரிதாயிருந்தது. வேம்பி அதைப் பார்த்து, பிள்ளையோடு தாயும் படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிரித்தாள். மன்னர் போனபின் இந்த அரண்மனையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

பின்னர் ஒவ்வொன்றும் எழுதினோம். கழுத்து நின்றதை எழுதினோம். விளக்கை நகர்த்தினால் அதன் பின்னே கண் போவதை எழுதினோம். குப்புறக் கவிழ்ந்து, மார்பை நிமிர்த்தித் தலை அசைத்துச் செங்கீரை ஆடியதை எழுதினோம். பல் முளைத்தபோது கொழுக்கட்டை அவித்துத் தலையில் உதிர்த்தோம். ஒன்றைப் பிடித்து வாயில் வைத்து முகம் சுளித்தாள், அதையும் எழுதினோம். வாயிற்படியைத் தவழ்ந்து தாண்டிய நாளில் தேங்காய் உடைத்தோம். நாடாளும் வேலைகளைத் தள்ளிவைத்து எழுதினோம். எம் மகளைத் தம் பிள்ளையாகப் பார்க்க இவ்வுலகில் ஓர் ஆண்மகன் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதினோம்.

வெண்கல அண்டா விழுந்ததும் அப்படித்தான் எழுதப்பட்டது. பிள்ளைக்கு வெந்நீர் காய்ச்சும் அண்டா, வேம்பியின் கை நழுவிக் கற்படிகளில் உருண்டது. முற்றத்துக் கிளிகள் எல்லாம் பறந்தன. காவலர் வேலோடு ஓடிவந்தனர். என் மடியில் உறங்கிய பிள்ளையின் மூச்சுக்கூட மாறவில்லை. நல்ல உறக்கம், கொடுத்துவைத்த பிள்ளை என்று வேம்பி சொன்னாள். நான் மட்டும் உறங்கும் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி ‘எழுதினோம்’ என்றும் ‘அறிந்தோம்’ என்றும் சொல்ல எனக்கு நா எழவில்லை. நான் என்றே சொல்கிறேன், அவையோர் பொறுக்க.

அன்று முதல் அவள் பின்னால் நின்று கைதட்டினேன். கிலுகிலுப்பையை ஆட்டினேன். பெயர் சொல்லி அழைத்தேன், பிறகு கத்தினேன். அவள் தன் கால் கட்டைவிரலைப் பிடிப்பதிலேயே கருத்தாயிருந்தாள். முன்னால் வந்து நின்றால் முகமெல்லாம் மலரும். என் மகளுக்குக் காது கேட்கவில்லை. இதை வேம்பியிடமும் சொல்லவில்லை, எம் அவைத்தலைவர் தேனூர்க் கிழாரிடமும் சொல்லவில்லை. தங்களுக்கு எழுதினேன். அண்டா விழுந்ததையும் எழுதி, என்ன செய்வேன் அண்ணா என்று கேட்டேன்.

நான் ஏன் அஞ்சினேன் என்பதும் தங்கள் அவை அறியட்டும். நீர்க்குன்றத்தில் காதுகுத்துக்கு முன் முரசுநாள் என்று ஒன்று உண்டு. அவையோர் நடுவே பிள்ளையை அமர்த்திப் பின்னால் முரசு அறைவர். பிள்ளை திரும்பினால் அரசுரிமைக் கயிறு கட்டுவர். திரும்பாவிட்டால் ஆட்சி தாய்மாமன் மகனுக்குப் போகும். முன்பு அது சிற்றப்பன் வழிக்குப் போய்க்கொண்டிருந்தது. என் திருமண உடன்படிக்கையில் அதைத் தாய்மாமன் வழி என்று மாற்றி எழுதச் செய்தவர் தாங்கள். தங்கைக்குக் காவலாக இருக்கட்டும் என்று அப்போது சொன்னீர், நானும் நெகிழ்ந்தேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது எனக்கு அன்று தெரியவில்லை.

தங்கள் மறுமொழி வந்தது. அஞ்சற்க, எவரிடமும் சொல்லற்க, நானே வருகிறேன் என்றீர். சொன்னபடி வந்தீர். முடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டு யானையானீர். அவள் தங்கள் மீசையைப் பற்றி இழுத்தாள், கண்ணில் நீர் வரும்வரை விடவில்லை, தாங்களும் விடுவிக்கவில்லை. ஒருமுறை நான் உள்ளே வந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தீர். இடக்காதுப் பக்கம் சொடுக்கினீர், வலக்காதுப் பக்கம் சொடுக்கினீர். அண்ணனுக்கும் மனம் ஆறவில்லை என்று எண்ணி நான் கதவோரம் நின்று அழுதேன். தாங்கள் வந்தது ஆறுதல் சொல்ல அன்று, என் சொல் மெய்தானா என்று பார்க்க. அந்தச் சொடுக்கு இப்போதும் என் காதில் ஒலிக்கிறது.

காதுகுத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிய வேளையில் தங்கள் தூதர் நாவலூர்த் தத்தன் வந்தார். ஒரு கையில் பட்டு விரித்த தட்டு. அதில் தாய்மாமன் சீராகத் தாங்கள் அனுப்பிய பொற்கடுக்கன். மறு கையில் ஓலை. முரசுநாளை உடனே நடத்த வேண்டும் என்றும், அண்டா உருண்டும் மூச்சு மாறாத பிள்ளைக்கு அரசு ஏற்காது என்றும் அதில் எழுதியிருந்தது. ‘மூச்சு மாறாத’ என்பது நான் எழுதிய சொல். அழுது எழுதிய சொல். என் சொல்லையே வேலாக்கி என் மகள்மேல் எறிந்தீர். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அவை கூடிற்று. முரசு அறையுமுன் நானே எழுந்து, என் மகளுக்குக் காது கேட்காது என்று சொன்னேன். தூதர், அப்படியானால் முரசே வேண்டா, ஆட்சி முத்திரையைத் தருக என்றார். அவைத்தலைவர் தேனூர்க் கிழார், வழக்கம் வழக்கமே என்று சொல்லி அறையச் செய்தார். தூண்கள் அதிர்ந்தன. கார்நங்கை தரையில் அமர்ந்து மரக்குதிரையின் தலையைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் சற்று நேரத்தில் என் முகத்தைப் பார்த்தாள். அவையோர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லார் கண்ணும் தன் தலைக்கு மேலே எதையோ பார்ப்பதைக் கண்டு, குதிரையைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே சுழன்று திரும்பினாள். முரசைக் கண்டதும் கைகொட்டினாள்.

திரும்பினாள் என்று பலர் ஆர்ப்பரித்தனர். நான் வாய் திறவாதிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஓர் ஓலையில் மெய் எழுதிவிட்டு அவையில் பொய்க்கு உடன்பட என்னால் ஆகவில்லை. ஒலிக்குத் திரும்பவில்லை, உங்கள் கண்களைக் கண்டு திரும்பினாள் என்று சொன்னேன்.

தேனூர்க் கிழார் தூதரைப் பார்த்து, அண்டா விழுந்த செய்தியைத் தங்கள் வேந்தர் எங்ஙனம் அறிந்தார் என்று கேட்டார். தத்தன் பொய் பேசத் தெரியாத மனிதர். பிள்ளையோலையில் கண்டதென்றும், வேந்தரின் ஆணையால் அது அவையில் படிக்கப்பட்டதென்றும், தாமும் இருந்து கேட்டதாகவும் தலைகுனிந்து சொன்னார். அவையோர் பலர் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டனர். குடிகள் அழைத்தால் அரசர் முகம் திருப்ப வேண்டும் என்பதற்கே முரசுநாள் ஏற்பட்டதென்றும், இப்பிள்ளை தம் முகங்களைப் பார்த்துத் திரும்பியதென்றும், காது நன்றாகக் கேட்கும் வேந்தர் ஒருவர் தங்கை தனிமையில் சொன்னதைக் கேட்டு என்ன செய்தார் என்பதையும் இன்று கண்டோம் என்றும் கிழார் உரைத்தார். உரைத்துவிட்டு அவரே கயிற்றைக் கட்டினார்.

என் மகள் அரசுரிமை பெற்றாள். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. மண்ணாசை மன்னர்க்குப் புதிதன்று. படையோடு வந்திருந்தால் பகைவர் என்று எண்ணி எதிர்த்திருப்பேன். நல்லாடனுக்கு நாடு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் அண்ணனோடு சண்டையிட்டிருப்பேன். என் அச்சத்தை என்னிடமே வாங்கிப் போய் விற்றீரே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

இனி ஆணைகள். பொற்கடுக்கன் இவ்வோலையோடு திரும்பி வருகிறது. என் மகளுக்குத் தாய்மாமன் மடியில் காது குத்தப்படாது. என் மடியிலேயே குத்தப்படும். திருமண உடன்படிக்கையின் உரிமைப் பகுதியை எம் அவை நீக்கிவிட்டது. நான் எழுதிய பிள்ளையோலைகள் யாவும் ஒன்று குறையாமல் திரும்ப வேண்டும். அவள் கவிழ்ந்ததும் தவழ்ந்ததும் வேறெங்கும் எழுதப்படவில்லை. வளர்ந்து எழுத்தறிந்தபின் அவளே அவற்றைப் படிப்பாள். இவ்வோலையின் படியையும் அவற்றோடு வைத்திருக்கிறேன்.

கடைசி ஆணைக்கு விளக்கம் வேண்டும். கார்நங்கைக்குச் சொல் வரவில்லை. ஆனால் கையால் சில சொல்வாள். விரல்களை மடக்கி விரித்தால் பால். கன்னத்தைத் தடவினால் பூனை. எல்லாவற்றுக்கும் முன்னே அவள் தானாகக் கண்டுபிடித்தது ஒன்றுண்டு: சுட்டுவிரலை மேலுதட்டில் வைத்து இழுப்பாள். அது தாங்கள். எல்லாப் பிள்ளைகளும் முதலில் அம்மா என்பார்கள். என் மகளின் முதல் சொல் தங்கள் மீசை. முரசுநாளன்று தங்கள் நாவாய்க் கொடியோடு வந்த தூதரைக் கண்டதும், அவருக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்து உதட்டில் விரலை இழுத்துக்கொண்டே இருந்தாள். இதோ, கடுக்கன் தட்டிலுள்ள தங்கள் முத்திரையைப் பார்த்துவிட்டு இப்போதும் இழுக்கிறாள். அவையோர் வேறு பக்கம் பார்க்கிறார்கள். தாங்கள் செய்ததை எந்தக் கையசைவால் அவளுக்குச் சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உறவின்முறைப்படி தாய்மாமனுக்கு எம் கோட்டைக் கதவு அடைபடாது. தாங்கள் வரலாம், உண்ணலாம், ஓய்வெடுக்கலாம். ஆனால் எம் எல்லைக்கல்லைத் தாண்டுமுன் மீசையை மழித்துவிட்டு வருக. அவள் இப்போது சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். இன்றோ நாளையோ கையை விட்டுவிடுவாள். மீசையோடு வந்தால் தங்களை அறிந்துகொள்வாள். என் மகளின் முதல் நடை தங்களை நோக்கி வர நான் விடமாட்டேன்.

அரசி கொற்றநங்கை சொல்ல, அவையோர் கேட்க, ஓலைநாயகம் வெண்பூதன் எழுதியது. அருவி முத்திரை இட்டோம். ஆணை.