இடப்பக்கம் சுற்றிய டேப்

இன்று காலை ஒரு வாடகைக் காரின் டாஷ்போர்டைக் கழற்றியதும், வெயிலில் இளகிய கறுப்பு டேப்பின் வாசனை அடித்தது. வயர் ஜாயிண்டில் டேப் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. நம் ஊரில் இடக்கை எலக்ட்ரீஷியன் நீ ஒருவன்தான். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், உன் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆசிரமத்துப் பக்கம் வீடெடுத்துத் தங்கிய வெள்ளைக்கார அம்மாவின் கார் ஞாபகம் வந்தது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். ஒருநாள் முதல், பிரேக்கை மிதித்தாலே கியர் கீழே இறங்கி வண்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. மெக்கானிக் என்று என்னை வரச் சொல்லி, உன்னையும் நிற்க வைத்திருந்தார்கள்.

டிரைவர் முந்திக்கொண்டு உன்னைக் கைகாட்டினான். "பாய் வந்து ஹாரன் மாட்டினதுலேருந்துதாம்மா இப்படி."

எனக்கு அவன்மேல் அப்போதே சந்தேகம். கியரை இறக்க உள்ளே ஒரு மின்வால்வு உண்டு. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தால் மட்டுமே அதற்குக் கரண்ட் போக வேண்டும். மீட்டர் வைத்தேன், பிரேக் மிதித்தாலும் போனது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் டாஷ்போர்டில் இருந்த அண்ணாமலையார் படத்தில் போய் நின்றது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சாமிக்குச் சிவப்பு பல்பு எரிய, யாரோ பிரேக் லைட் வயரிலிருந்து கரண்ட் இழுத்திருந்தார்கள். வயரின் தோலைச் சீவிய கத்தி பக்கத்து வால்வு வயரையும் கீறி, இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அரைகுறையாகச் சுற்றிய டேப். சுற்றியிருந்தது வலப்பக்கமாக.

"இது பாய் வேலையே இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். நீ என் தோளை அழுத்தினாய்.

"நான் போட்டதுதாம்மா. தப்பாயிடுச்சு."

"இனிமே இங்க வரவேணாம்" என்றார் அந்த அம்மா. டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து கத்தினேன். "பைத்தியமா உனக்கு? உன்னையே மாட்டிவிட்டான்டா அவன்! உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன?"

"பயந்துட்டான், விடு. அவனுக்கு இடது கால் வராதுடா. இந்த வேலை போச்சுன்னா, கிளட்ச் இல்லாத வண்டி இந்த ஊர்ல இன்னொண்ணு காட்டு, பாக்கலாம்."

நான் நம்பவில்லை. நீ சிரித்தாய். "உனக்கு டவுட் ஜாஸ்தி. பொண்டாட்டி காபி குடுத்தாக்கூட மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் குடிப்ப."

மறுநாள் கோயில் வாசலில் அந்தக் கார் வந்து நிற்கும்வரை காத்திருந்தேன். டிரைவர் கதவைத் திறந்தான். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் இறங்கினான்.

அதன்பிறகு ஆசிரமத்துப் பக்கத்து வண்டி ஒன்றுகூட உன் கடைக்கு வரவில்லை. நீ அதைப்பற்றிப் பேசியதும் இல்லை.

இன்றும் எனக்குப் புத்தி மாறவில்லை. உன் ஜாயிண்டைப் பிரித்து மீட்டர் வைத்தேன். பழுது வேறெங்கோ, உன் ஜாயிண்ட் கெட்டியாகத்தான் இருந்தது. புது டேப் எடுத்து, இடப்பக்கமாகவே சுற்றினேன். கை பழகவில்லை. கோணலாக வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.