முன்னால் போகிறவருக்குத்தான் காற்று

ஜனவரி 7, ஞாயிறு

இன்றும் அண்ணி வரவில்லை. முட்டி வலியாம். இது மூன்றாவது ஞாயிறு. தனியாகப் பாலம் வரைக்கும் போய்விட்டுப் பாதியிலேயே திரும்பிவிட்டேன். பேச்சுத்துணை இல்லாமல் சைக்கிள் மிதிப்பது உப்பில்லாமல் சாப்பிடுவது மாதிரி இருக்கிறது.

நேற்று வந்த பார்சலை இன்றுதான் பிரித்தேன். மகன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியிருக்கிறான் – ஒரு ஜோடி பெடல். பவர் மீட்டராம். காலால் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறேன் என்பதை உள்ளேயிருக்கும் கருவி அளந்து, ஹேண்டில்பாரில் மாட்டிய சின்னத் திரையில் எண்ணாகக் காட்டுமாம். கணக்கு வாட்டில், பல்புக்குச் சொல்வது போல. வேகம் காற்றைப் பொறுத்து, மேட்டைப் பொறுத்து மாறும், இது மாறாது, உன் உழைப்பை மட்டும் சொல்லும் என்று போனில் பாடம் எடுத்தான்.

வீட்டுக்காரர் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணிக்கு மீட்டர், கரண்டுக்கு மீட்டர், இப்ப உன் காலுக்குமா? மாசக் கடைசியில பில்லு வருமா?"

அண்ணி இருந்திருந்தால் இதற்கு ஒரு பதில் கொடுத்திருப்பார். 

மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் ஆரம்பித்தது இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வழக்கம். அண்ணி அப்போதே பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அங்கே யாரோ வெளிநாடு போகும்போது விட்டுப்போன இரண்டு ரேஸ் சைக்கிளை, கிடாக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரோடு, டிப்போ வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "வீட்டுக்குள்ளயே கெடந்து ஏன்டி இப்படி வெளுத்துப் போயிட்ட? வா." முதல் திருப்பத்திலேயே இரண்டு பேரும் விழுந்தோம். அண்ணி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து ஊர் சுற்றும் ஒரே வீடு நம் வீடுதான் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே அதைப் பெருமையாக்கிவிட்டான்.

ஜனவரி 10, புதன்

இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை மறந்து அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். வேலை செய்கிற பல் கட்டும் லேபில் நூலிழை உயரம் கூடினால்கூட விரலால் தடவியே கண்டுபிடிக்கிறவள் நான். வெட்கக்கேடு.

மாட்டியதும் தெருவில் ஒரு சுற்று. திரையில் அறுநூறு! காய்கறி வாங்க மிதிக்கிற மாதிரி மெதுவாகத்தான் மிதித்தேன், அறுநூறு. பத்து நிமிடம் உலக வீராங்கனையாக இருந்தேன். மகனுக்குப் போன் போட்டால் சிரிக்கிறான். "பூஜ்யம் வைக்கும்போது காலை பெடல்லருந்து எடுத்தியாம்மா?"

எடுக்கவில்லை. எடுத்துவிட்டுத் திரும்பப் பூஜ்யத்திலிருந்து அளக்க வைத்தேன். எழுபது காட்டுகிறது.

ஜனவரி 14, ஞாயிறு

அண்ணி இன்றும் இல்லை. சரி என்று மகன் சொன்ன பரீட்சையை எழுதினேன். இருபது நிமிடம், உயிரைக் கொடுத்து, ஒரே சீராக மிதிக்க வேண்டும். அதன் சராசரியில் கொஞ்சம் கழித்தால் வருவதுதான் என் அளவாம். இனி எல்லாப் பயிற்சியும் அந்த எண்ணை வைத்துத்தான்.

எட்டாவது நிமிடத்தில் திட்ட ஆரம்பித்தேன் – முதலில் மகனை, பிறகு பெடலை, பிறகு அவனைப் பெற்ற என்னையே. முடித்ததும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.

நூற்று நாற்பத்து நான்கு.

நல்ல எண்ணா? மகனிடம் கேட்டேன். "ஆரம்பத்துக்கு ஓகேம்மா" என்றான். அந்த இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. இவ்வளவுதானா நான்? ஆரம்பித்த காலத்தில், இருபத்தொன்பது வயதில், எவ்வளவு இருந்திருப்பேன்? யாருக்குத் தெரியும். அப்போது எனக்கு மீட்டர் அண்ணியின் முதுகுதான். மஞ்சள் சட்டை, நடுவில் வியர்வைக் கோடு. அது பக்கத்தில் இருந்தால் நான் நன்றாக மிதிக்கிறேன். தள்ளிப்போனால் அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை. கணக்கு அவ்வளவுதான்.

ஜனவரி 16, செவ்வாய்

மகன் அட்டவணை அனுப்பியிருக்கிறான். பாதிக்கு மேல் "மெதுவாக" என்று போட்டிருக்கிறது. மெதுவாகப் போவதற்கு ஒரு அட்டவணையா? அதற்கு நான் சும்மாவே போவேனே.

ஜனவரி 21, ஞாயிறு

அண்ணி வந்தார்!

வாசலில் அந்த மணிச்சத்தம் கேட்டதும் சின்னப்பிள்ளை மாதிரி ஓடினேன். மஞ்சள் சட்டைதான்; கழுத்துப் பக்கம் நைந்து போயிருந்தது. "என்னடி, காலுக்குக் கரண்டு கனெக்‌ஷன் குடுத்துட்டாங்களாமே?" வழக்கம்போல அவர் முன்னால், நான் பின்னால். ஆற்றோரச் சாலை, எதிர்க்காற்று.

திரையைப் பார்த்துக்கொண்டே போனேன். தொண்ணூற்றெட்டு. பரவாயில்லையே, சுலபமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அண்ணி தண்ணீர் குடிக்க ஓரம் ஒதுங்கினார், நான் முன்னால் வந்துவிட்டேன். வேகம் அதேதான். எண் நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது.

பெடல் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணி மறுபடி முன்னால் போனார், எண் இறங்கியது. ஏதோ சாக்குச் சொல்லி நான் முன்னால் போனேன், ஏறியது. மூன்று தடவை செய்து பார்த்தேன். கெட்டுப்போகவில்லை.

காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். பின்னால் வருகிறவள் அந்தச் சந்தில் நிம்மதியாக வருகிறாள்.

இது உலகத்துக்கே தெரிந்த விஷயமாம், மகன் சொல்கிறான். எனக்கும் காதில் விழுந்திருக்கும். ஆனால் எண்ணாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. பதினெட்டு வருடமாக அவர்தான் முன்னால், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். "நீ பின்னால வா, நான் வழி பாத்துக்கறேன்" என்று சொல்வார். வழி பார்க்க அங்கே என்ன இருக்கிறது? ஒரே நேர்ச்சாலை.

அம்மா போன அடுத்த ஞாயிறும் இதே சாலைதான். நான் வரவே மாட்டேன் என்றேன், இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் புழுதிக் காற்று. அவர் முன்னால் மிதிக்க, நான் பின்னால் அழுதுகொண்டே மிதித்தேன். அன்று ஏன் எனக்குக் களைப்பே தெரியவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். துக்கத்தில் உடம்பு மரத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அண்ணிக்கு மூச்சு இரைத்தது. பாலத்து ஏற்றத்தில் நன்றாகவே கேட்டது. "முட்டி" என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

ஜனவரி 28, ஞாயிறு

அண்ணி வரவில்லை. கையோடு பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போனேன். அண்ணி கடைக்குப் போயிருந்தார். அண்ணன் வாஷிங் மெஷினிலிருந்து துணியை எடுத்துக்கொண்டிருந்தான். முட்டிக்கு டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். அவன் ஒரு பெட்ஷீட்டின் முனையை என் கையில் கொடுத்து, மடி என்றான்.

"முட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன மாசம் பாலத்து ஏத்தத்துல நீ முன்னால போயிட்டியாமே. மேல போய் நின்னு, திரும்பிப் பாத்தியாம்."

"ஆமா, நின்னேன். அவங்க வரட்டும்னுதானே நின்னேன்!"

"அதான்" என்றான். "சைக்கிளை விக்கப்போறா. அடுத்த வாரம் பாக்க ஆள் வருது. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

நின்றது தப்பா? நிற்காமல் போயிருந்தால்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. அண்ணி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை எனக்கு நினைத்துப் பார்க்கவே தெரியவில்லை. பிள்ளை வெளியூர் போனபோதுகூட இப்படி இல்லை – சத்தியமாக இல்லை.

பிப்ரவரி 1, வியாழன்

லேபில் இரண்டு பல் செட்டைக் கெடுத்தேன். மெழுகு பொங்கிவிட்டது. யோசனை எல்லாம் அங்கேதான்.

மெதுவாக மிதித்து நடிக்கலாம். ஆனால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். என் மூச்சை வைத்தே காலையில் என்ன சாப்பிட்டேன் என்று சொல்கிறவர். பாவம் பார்க்கிறேன் என்று தெரிந்தால் அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் பேசமாட்டார். டிப்போவில் யாரோ "மேடம், நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதற்கு, அவனை ஒரு மாதம் அதிகாலை ஷிப்டில் போட்டவர்.

அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு: நீண்ட தூரம், நூற்றைந்து வாட்டுக்கு மேல் போகக்கூடாது. இதுவரைக்கும் ஒரு ஞாயிறுகூட நான் அதன்படி நடக்கவில்லை. நூற்றைந்தைத் தாண்டினால் கத்துகிற மாதிரி வைக்கலாமா என்று மகனிடம் கேட்டேன். வைக்கலாமாம்.

பிப்ரவரி 3, சனி

போன் போட்டேன்.

"அண்ணி, எனக்கு ஒரு உதவி வேணும். இந்த மெஷின் நூத்தஞ்சுக்கு மேல போகாதேன்னு கத்துது. தனியாப் போனா என்னால அடக்கவே முடியல. கூட வந்து 'மெதுவாப் போடி'ன்னு அதட்ட ஆள் வேணும்."

"நான் என்ன உனக்கு ஆயாவா?"

"பையன் தினமும் கணக்குக் கேக்குறான் அண்ணி. மானம் போகுது."

 அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை மணிக்கு?" என்றார்.

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

முன்னால் போகப் பார்த்தார். "இல்ல அண்ணி, முன்னால ஆள் இருந்தா எண்ணு தப்பாயிடும்" என்றேன். முகத்தைச் சுளித்தார். ஆனால் பின்னால் வந்தார்.

எனக்கு முன்னால் அந்த மஞ்சள் முதுகு இல்லாமல் சாலை ரொம்ப அகலமாக இருந்தது. காற்று நெஞ்சில் வந்து மோதியது. இதையா இத்தனை வருடம் வாங்கிக்கொண்டு, நடுவில் கதை வேறு சொல்லிக்கொண்டு வந்தார்? எனக்கு இரண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து அவருடைய சக்கரம் கடகடவென்று சும்மா உருளும் சத்தம் வந்தது. மிதிக்காமல் விட்டால்தான் அந்தச் சத்தம் வரும். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷத்தில் கால் பரபரத்துவிட்டது போலிருக்கிறது. கருவி கத்தியது.

"ஏய்! கத்துது பாரு! கொறை, கொறை!"

டிப்போ முழுக்கக் கேட்கும் குரல் அது. ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். பாலத்து ஏற்றத்தில் நான்கு தடவை அதட்டினார். அதட்டினாரே தவிர, இரைக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

சைக்கிள் பார்க்க வந்தவனிடம் பிரேக் சரியில்லை, செயின் சரியில்லை, ராசியே இல்லை என்று சொல்லி அண்ணி திருப்பி அனுப்பிவிட்டாராம். அண்ணன் போனில் கிசுகிசுத்தான். "போன வாரம்தான் புது பிரேக் போட்டா."

மார்ச் 10, ஞாயிறு

வியாழக்கிழமை மறுபடி பரீட்சை எழுதினேன். நூற்று ஐம்பத்தெட்டு. மரத்தைப் பிடிக்கவில்லை, நாயும் வரவில்லை. மகன் குதிக்கிறான். எண் ஏறியதால் ஞாயிற்றுக்கிழமை அளவையும் ஏற்றட்டுமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

மார்ச் 24, ஞாயிறு

வழியில் டீக்கடையில் ஒரு சைக்கிள் கூட்டம். எல்லாம் சின்ன வயசு, பளபளவென்று உடை. ஒரு பெண் அண்ணியிடம், நீங்கள் இரண்டு பேரும் ரொம்ப நாளாக ஓட்டுகிறீர்களா என்று கேட்டாள்.

"நான் ஓட்டுவேன்" என்றார் அண்ணி. "இவளுக்குத்தான் முன்ன மாதிரி முடியல. மெஷின் வேற மாட்டி விட்டுட்டாங்க, கொஞ்சம் மிதிச்சாக் கத்துது. தனியா விட மனசு வரல. அதான் பின்னாலயே வர்றேன்."

அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல டீ குடித்த ஞாபகம் இல்லை.

மார்ச் 31, ஞாயிறு

போன வாரம் திரும்பும்போது பின்னால் அந்த உருளும் சத்தம் குறைவாகத்தான் கேட்டது; அண்ணி விடாமல் மிதித்தால்தான் தொடர முடிந்தது போலிருக்கிறது. நேற்று சாயங்காலம் எச்சரிக்கையைத் தொண்ணூற்றைந்துக்கு இறக்கி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று சமதரையிலேயே கத்த ஆரம்பித்துவிட்டது. முதல் தடவை அண்ணி அதட்டினார். இரண்டாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை கத்தியபோது, என் பக்கத்தில் வந்து சேர்ந்தார். குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு வச்சிருக்க?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "தொண்ணூத்தஞ்சு" என்றேன்.

கொஞ்ச தூரம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்திலேயே போனோம். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். பாலம் தெரிய ஆரம்பித்தது.

"தொண்ணூறா வச்சுக்கோ" என்றார். சொல்லிவிட்டு, மறுபடி எனக்குப் பின்னால் போய்விட்டார்.